தண்டுவடக் காயம்: மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் ஒரு குடும்பம் கற்க வேண்டியவை

புது டெல்லி: 1999-ஆம் ஆண்டு, கார்கில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ராணுவ அதிகாரியான பிக்ரம் சிங் மாலிக் போர்ப் பணியில் இருந்தார். முப்பது வயதைக்கூட எட்டாத அவருடைய மனைவி தீபா மாலிக்கின் தண்டுவடத்தில் கட்டி இருப்பது அப்போது உறுதியானது. தொடர்ந்து மூன்று அறுவை சிகிச்சைகள் நடந்தன. தோள்பட்டைகளுக்கு இடையே 183 தையல்கள் போடப்பட்டன. உயிர் பிழைத்த தீபாவுக்கு மார்புக்குக் கீழே உடல் முற்றிலுமாகச் செயலிழந்தது. வீட்டில் இரண்டு சிறு பெண் குழந்தைகள் இருந்தனர். அவர்களில் மூத்தவரான தேவிகாவுக்குக் கைக்குழந்தைப் பருவத்து விபத்தொன்றில் தலையில் அடிபட்டு, உடலின் ஒரு பக்கம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தது.

பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 2016 ரியோ பாராலிம்பிக் போட்டியில் குண்டு எறிதல் எஃப்-53 பிரிவில் 4.61 மீட்டர் தொலைவுக்கு எறிந்து தீபா மாலிக் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாராலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. செய்திகளில் இந்தப் பதக்கம் பேசப்படும் அளவுக்கு, இடைப்பட்ட பதினேழு ஆண்டுகள் பேசப்படுவதில்லை. பதக்கத்தின்போதும் அவரால் நடக்க இயலவில்லை, இன்றும் இயலாது. ஆயினும் அவர் மீண்டார் என்றே அனைவரும் சொல்கின்றனர். தண்டுவடக் காயத்தைப் பொறுத்தவரை அந்தச் சொல் மிகச் சரியானது. ஆனால், காயமடைந்தவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வரும் குடும்பங்களுக்கு இது தொடக்கத்தில் புரிவதில்லை.

உலகம் முழுவதும் 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் தண்டுவடக் காயத்துடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சாலை விபத்தும், உயரத்திலிருந்து விழுவதும் முக்கியக் காரணங்கள். கட்டி, காசநோய் போன்ற நோய்களாலும் தண்டுவடம் சேதமடையும். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 4,61,312 சாலை விபத்துகள் பதிவாகின. அவற்றில் 4,43,366 பேர் காயமடைந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது.

உடலுக்குள் நடப்பது என்ன?

மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் பருமனும் கொண்ட நரம்புத் திசு. முதுகெலும்புகளின் நடுவே அமைந்த குழாய் போன்ற வழியில் அது பாதுகாப்பாக இருக்கிறது. எலும்பு முறிந்தாலோ விலகினாலோ அது தண்டுவடத்தை நசுக்கக்கூடும். முறிந்த எலும்பைத் திருகாணிகளால் இணைத்து நிலைநிறுத்த முடியும். நசுங்கிய நரம்புத் திசுவை மீண்டும் இணைக்கும் சிகிச்சை இதுவரை இல்லை. ‘அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது’ என்று மருத்துவர் கூறுவது பெரும்பாலும் எலும்பைப் பற்றியே. கால் அசையும் என்று குடும்பம் அதைப் புரிந்துகொள்கிறது. பிற்காலத்து ஏமாற்றங்கள் பலவற்றின் வேர் இந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

காயம் எந்த மட்டத்தில் ஏற்பட்டது என்பதே அதன் பின்னான வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. கழுத்துப் பகுதியில் ஏற்பட்டால் கைகளும் கால்களும் பாதிக்கப்படும். மிக மேலே இருந்தால் மூச்சுவிடவும் கருவியின் துணை வேண்டியிருக்கும். மார்பு அல்லது இடுப்புப் பகுதியில் ஏற்பட்டால் கைகள் தப்பிக்கும், கால்கள் செயலிழக்கும். இரு நிலைகளிலும் சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றின் கட்டுப்பாடு பொதுவாகக் குலைந்துவிடும்.

அடுத்து, காயம் முழுமையானதா, பகுதியளவானதா என்ற கேள்வி. இதை ‘ஏ’ முதல் ‘இ’ வரையிலான ஐந்து நிலைகளாக மருத்துவர்கள் பிரிக்கின்றனர். ‘ஏ’ என்றால் தண்டுவடத்தின் கடைசிப் பகுதிவரை உணர்வோ அசைவோ எதுவும் எஞ்சவில்லை என்று பொருள். ‘இ’ என்றால் எல்லாம் இயல்புநிலைக்குத் திரும்பியுள்ளது என்று பொருள். காயமடைந்த முதல் சில நாள்கள் அல்லது வாரங்களுக்குத் தண்டுவடம் அதிர்ச்சி நிலையில் இருப்பதால் தொடக்கத்தில் செய்யப்படும் மதிப்பீடு மாறக்கூடும். நரம்புச் செயல்பாடு திரும்புவதாக இருந்தால், அதன் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்கள் முதல் ஓராண்டுக்குள் நிகழ்ந்துவிடும். தங்கள் உறவினர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை வீடு திரும்பும் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது குடும்பத்தின் உரிமை.

விபத்து நடந்த இடத்திலேயே பாதி முடிவாகிவிடுவதும் உண்டு. கீழே கிடப்பவரின் கைகளையும் கால்களையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைப்பது நல்லெண்ணத்தில் செய்யப்படும் பெருந்தீங்கு. பகுதியளவான காயத்தை அது முழுமையான காயமாக்கிவிடலாம். கழுத்து அசையாதபடி தாங்கிப்பிடித்து, உடலை ஒரே மரக்கட்டைபோல உருட்டி, பலகையில் கிடத்துவதே முறை. விபத்தில் சிக்கியவரை நியமிக்கப்பட்ட மருத்துவமனையில் சேர்த்தால், ஏழு நாள்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆனால், தண்டுவடக் காயத்தில் ஏழு நாள் என்பது முன்னுரைக்குக்கூடப் போதாது.

எவரெஸ்டிலிருந்து சக்கர நாற்காலிக்கு

ஒரு காலத்தில் தண்டுவடக் காயம் என்பது தாமதமாக வரும் மரணம். முதல் உலகப் போரில் இத்தகைய காயமடைந்த வீரர்களில் பெரும்பாலோர் நீண்ட நாள் வாழவில்லை. அவர்களது உயிரைப் பறித்தவை படுக்கைப்புண்ணும் சிறுநீர்ப்பாதைத் தொற்றும்தான். இரண்டும் தடுக்கக்கூடியவை என்று நிறுவியவர் லுட்விக் குட்மன். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்து வந்த இந்த நரம்பியல் மருத்துவர், 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். நோயாளிகளைக் குறித்த நேர இடைவெளியில் புரட்டிப் படுக்கவைத்தார், தொற்றைக் கட்டுப்படுத்தினார், பிறகு விளையாடவும் வைத்தார். 1948-இல் அங்கு 16 பேருடன் நடந்த வில்வித்தைப் போட்டியே பாராலிம்பிக்கின் விதை.

அதே ஸ்டோக் மாண்டவில்லில் பின்னாளில் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர் இந்திய ராணுவ மேஜர் ஹரிபால் சிங் அலுவாலியா. 1965 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்த இந்தியக் குழுவினரில் அவரும் ஒருவர். அதே ஆண்டு நடந்த இந்திய-பாகிஸ்தான் போரில் பாய்ந்த துப்பாக்கிக் குண்டு அவரது தண்டுவடத்தைச் சேதப்படுத்தியது. உலகின் உயரமான சிகரத்தில் நின்ற அதே ஆண்டில் அவர் சக்கர நாற்காலிக்கு வந்தார். தமக்கு வெளிநாட்டில் கிடைத்த மறுவாழ்வுச் சிகிச்சை உள்நாட்டில் எளிய மனிதருக்குக் கிடைக்கவில்லை என்பது அவரை உறுத்தியது. அதன் விளைவாக டெல்லி வசந்த் குஞ்சில் இந்தியத் தண்டுவடக் காய மையம் உருவானது. 1997 முதல் செயல்படும் அம்மையத்துக்கு இத்தாலிய அரசின் உதவியும் கிடைத்தது. அலுவாலியா 2022 ஜனவரி 14 அன்று காலமானார். காயமடைந்தபின் அரை நூற்றாண்டுக்கும் மேல் அவர் வாழ்ந்தார் என்பதே மறுவாழ்வு மருத்துவத்தின் வலிமைக்குச் சான்று.

தமிழ்நாட்டுக்கு இதில் மூத்த இடம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைக் கட்டியெழுப்பினார். அங்குள்ள மறுவாழ்வு நிலையம் 1966-இல் திறக்கப்பட்டது.

ஆனால், இத்தகைய மையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. டெல்லியின் பெரிய அரசு மருத்துவமனைகளுக்கு உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களிலிருந்து வரும் தண்டுவடக் காய நோயாளிகள் பலர், எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரித்ததும் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். அடுத்த நோயாளிக்குக் கட்டில் தேவைப்படுகிறது. மருத்துவமனையைக் குறைசொல்ல இயலாது. மறுவாழ்வுச் சிகிச்சை என்ற அடுத்த கட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது. அங்கிருந்து தொடங்கி, குடும்பமே மருத்துவமனையாக மாற வேண்டியிருக்கிறது.

வீட்டில் நடக்கும் வைத்தியம்

முதலில் சிறுநீர். தண்டுவடம் பாதிக்கப்பட்டவரின் சிறுநீர்ப்பை நிறைந்தாலும் அவருக்குத் தெரியாது. தானாகவே முழுமையாக வெளியேறவும் செய்யாது. தேங்கும் சிறுநீர் தொற்றை உண்டாக்கும். அழுத்தம் மேல்நோக்கிச் சென்றால் சிறுநீரகமே பழுதாகும். இதற்கான தீர்வு மெல்லிய குழாயை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை செலுத்திச் சிறுநீரை வெளியேற்றுவது. முன்பு இது கிருமிநீக்கம் செய்யப்பட்ட அறையில் செவிலியரால் மட்டுமே செய்யத்தக்கது எனக் கருதப்பட்டது. சோப்புப் போட்டுக் கழுவிய சுத்தமான கைகளே போதும் என்று அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் ஜாக் லாபிடீஸ் 1972-இல் காட்டினார். அந்த எளிய கண்டுபிடிப்புதான் உலகெங்கும் தண்டுவடக் காயமடைந்தவர்களை மருத்துவமனையிலிருந்து விடுவித்தது என்றால் மிகையாகாது. கைகள் செயல்படுபவர் இதைத் தாமே செய்துகொள்ளலாம். கழுத்துக் காயமடைந்தவருக்கு மனைவியோ, தாயோ, சகோதரரோ செய்ய வேண்டியிருக்கும்.

இந்த வேலையை ஏற்பதில் குடும்பங்களுக்கு உள்ள கூச்சம் பெரிது. வளர்ந்த மகனுக்குத் தாய் இதைச் செய்வது இருவருக்கும் வேதனை தருவது. அந்தக் கூச்சத்தால் நிரந்தரக் குழாயையே மாதக்கணக்கில் விட்டுவைக்கும் குடும்பங்கள் உண்டு. அதன் விலை அடிக்கடி வரும் காய்ச்சலும் தொற்றும். கற்றுத்தரும் செவிலியர் ஒருவர் கிடைத்துவிட்டால், இரண்டு வாரங்களில் இது பல் துலக்குவது போன்ற அன்றாட வேலையாகிவிடும். மலம் கழிப்பதையும் இவ்வாறே பழக்கலாம். உணவுக்குப் பின் அரை மணி நேரத்தில் குடல் இயல்பாகவே அசையும். அந்த நேரத்தைப் பயன்படுத்தி நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரே வேளையில் பழக்கினால், வெளியே செல்லும்போது ஏற்படும் அச்சம் நீங்கும். வேலைக்குச் செல்வதும் திருமணத்துக்குச் செல்வதும் இந்த ஒரு பழக்கத்தைப் பொறுத்தே அமைகின்றன.

அடுத்தது தோல். உணர்வில்லாத இடத்தில் அழுத்தம் ஏற்பட்டாலும் உடல் எச்சரிக்காது. ஒரே பக்கமாகப் படுத்திருக்கும் சில மணி நேரத்திலேயே அடிமுதுகு, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் ரத்தவோட்டம் தடைபட்டுத் தசை அழுகத் தொடங்கும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இரவிலும்கூட. சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அரை மணி நேரத்துக்குள் ஒருமுறையேனும் உடலை உயர்த்தியோ சாய்த்தோ அழுத்தத்தை மாற்ற வேண்டும். காலையிலும் மாலையிலும் தோலைப் பார்வையிட வேண்டும். அழுத்திப் பார்த்தும் மறையாத சிவப்பு தென்பட்டால் அந்த இடத்தில் மீண்டும் எடை படவே கூடாது. மருந்துக் கடையில் கிடைக்கும் வட்டமான காற்று வளையத்தை வாங்கி உட்காரவைப்பது பல வீடுகளில் நடக்கிறது. அது வளையத்தின் விளிம்பில் அழுத்தத்தைக் கூட்டி, நடுவில் ரத்தவோட்டத்தைக் குறைப்பதால் மருத்துவ வழிகாட்டுதல்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

டெல்லியின் தட்பவெப்பம் இன்னொரு சோதனை. கழுத்திலோ மேல் மார்பிலோ காயமுள்ளவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸைத் தொடும் மே, ஜூன் மாதங்களில் அவரது உடல் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ள இயலாது. ஈரத்துணி, மின்விசிறி, போதிய நீர் ஆகியவை வசதிகள் அல்ல, மருந்துகள். டிசம்பர், ஜனவரியில் ஆபத்து எதிர்ப்பக்கமிருந்து வரும். குளிருக்குக் கால்மாட்டில் வைத்த மின்சூடேற்றியாலோ வெந்நீர்ப் பையாலோ கால் வெந்துபோவது அவருக்குத் தெரியாது. புகை வரும்வரை கவனிக்காத கதைகளும் உண்டு.

இவை எல்லாவற்றையும்விட அவசரமான ஒன்றை மார்பின் ஆறாவது எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுள்ளவரின் குடும்பம் அறிந்திருக்க வேண்டும். சிறுநீர்க் குழாய் மடங்கியது, மலம் இறுகியது, ஆடை இறுக்கியது போன்ற சிறு காரணத்தால்கூட அவரது ரத்த அழுத்தம் திடீரென ஆபத்தான அளவுக்கு ஏறும். கடும் தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே வியர்த்தல் ஆகியவை அறிகுறிகள். படுக்கவைக்கக் கூடாது, நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான ஆடையைத் தளர்த்தி, குழாயைச் சரிபார்க்க வேண்டும். இவர்களின் இயல்பான ரத்த அழுத்தமே குறைவு என்பதால், மற்றவருக்குச் சாதாரணமாகத் தோன்றும் அளவும் இவர்களுக்கு உயர்வாக இருக்கலாம். அவசரப் பிரிவிலுள்ள இளம் மருத்துவருக்கு இது பழக்கமில்லாமல் போகக்கூடும். சொல்லும் பொறுப்பு உடன் வந்தவருடையது.

நம்பிக்கையின் விலை

முதல் ஆண்டில் குடும்பத்தின் சேமிப்பு பெரும்பாலும் எங்கே செல்கிறது? நடக்க வைப்பதாக வாக்களிக்கும் இடங்களுக்கு. மூலிகை எண்ணெய், மந்திரிப்பு என்று தொடங்கி, ஸ்டெம் செல் ஊசி வரை அது நீள்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்களின்படி, ரத்தம் சார்ந்த குறிப்பிட்ட நோய்களுக்குச் செய்யப்படும் ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையைத் தவிர, வேறெந்த நோய்க்கும் ஸ்டெம் செல் முறை அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அதைச் சிகிச்சையாக அளிப்பதை அவ்வழிகாட்டுதல்கள் ஏற்கவில்லை. ஆய்வில் பங்கேற்பவரிடம் பணம் வாங்குவதும் முறையன்று. பல லட்சம் ரூபாய் கேட்கப்படும் இடத்தில் குடும்பம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

இந்தச் செலவை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. உண்மையில் அது அன்பின் செலவு. எதையும் முயலாமல் விட்டோம் என்ற பழியைச் சுமக்க யாரும் விரும்புவதில்லை. ஆனால், அதே பணத்தில் நல்ல மெத்தை, உடலுக்குப் பொருந்தும் சக்கர நாற்காலி, ஆறு மாத இயன்முறைச் சிகிச்சை, குளியலறை மாற்றம் ஆகிய அனைத்தும் முடியும்.

வீட்டின் கதவு எத்தனை அங்குலம்?

டெல்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய பழைய குடியிருப்புகளில் பெரும்பாலானவை லிஃப்ட் இல்லாத நான்கு மாடிக் கட்டடங்கள். மூன்றாம் மாடியில் வசிக்கும் குடும்பத்தில் ஒருவர் சக்கர நாற்காலிக்கு வந்தால், அந்த வீடு அன்றே சிறையாகிவிடும். தரைத்தளத்துக்கு வாடகைக்கு மாறுவதே பலருக்கு முதல் மறுவாழ்வு நடவடிக்கை. தரைத்தளத்திலும் குளியலறைக் கதவு சக்கர நாற்காலியைவிடக் குறுகலாக இருக்கும்; வாசலில் இரண்டு படிகள் இருக்கும். வீடு திரும்பும் முன்பே கதவுகளையும் படிகளையும் அளந்து செயல்முறைச் சிகிச்சையாளரிடம் காட்டினால், தேவையற்ற செலவு மிச்சமாகும்.

வீட்டுக்கு வெளியே நிலைமை கலவையானது. 2002-இல் ஓடத் தொடங்கிய டெல்லி மெட்ரோவில் லிஃப்டும் சரிவுப்பாதையும் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டன. ஆனால், வீட்டிலிருந்து மெட்ரோ நிலையம் வரையிலான நடைபாதை பெரும்பாலும் உடைந்தோ, வண்டிகளால் மறிக்கப்பட்டோ கிடக்கிறது. அணுகல்தன்மை குறித்த விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. கட்டாயம் பின்பற்ற வேண்டிய தரங்களை மூன்று மாதங்களில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

பராமரிப்பவர் யார்?

தமிழ்நாடு 19 வயதுக்குட்பட்ட மகளிர் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்த பிரீத்தி சீனிவாசன், 1998-இல் தமது 18-ஆவது வயதில் புதுச்சேரிக் கடலில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். பெற்றோரே அவரைக் கவனித்தனர். 2007-இல் தந்தை மறைந்தபின் அந்தப் பொறுப்பு தாயின் தோள்களில் இறங்கியது. ‘அம்மாவுக்குப் பின் யார்?’ என்ற கேள்விக்கு விடை தேடியபோது, தம்மைப் போன்றோருக்கான நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் நாட்டில் அரிது என்பதை அவர் உணர்ந்தார். திருவண்ணாமலையில் 2013-இல் ‘சோல்ஃப்ரீ’ அறக்கட்டளை அப்படித்தான் தொடங்கியது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் நிறுவிய அமர் சேவா சங்கமும் தண்டுவடக் காயமடைந்தோருக்கு மறுவாழ்வுப் பயிற்சி தருகிறது. இரண்டுமே நோயாளிகள் கட்டிய நிறுவனங்கள் என்பது கவனிக்கத்தக்கது.

பராமரிப்பவர் பெரும்பாலும் பெண். அவருக்கு ஊதியம் இல்லை, விடுப்பும் இல்லை. ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நாள்தோறும் பலமுறை தூக்கி மாற்றும் தாய்க்கோ மனைவிக்கோ முதுகுவலி வருவது ஏறக்குறைய உறுதி. வழுவழுப்பான மாற்றுப் பலகையைப் பயன்படுத்தி நகர்த்தும் முறையைக் கற்றால் தூக்க வேண்டிய தேவையே குறையும். இரவில் புரட்டும் முறையைக் குடும்பத்தினர் பகிர்ந்துகொள்ளாவிட்டால், ஓராண்டுக்குள் வீட்டில் இரண்டாவது நோயாளி உருவாகிவிடுவார்.

இந்த உழைப்புக்கு விலை உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. விபத்தில் நூறு சதவீத இயலாமைக்கு ஆளான சிறுமி ஒருவரின் வழக்கில், 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பராமரிப்புச் செலவைத் தனியாகக் கணக்கிட்டது. ஒருவரால் 24 மணி நேரமும் கவனிக்க இயலாது என்பதால் இரண்டு உதவியாளர்கள் தேவை என்றது. ஒருவருக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் எனக் கொண்டு, அதை 18-ஆல் பெருக்கி 21,60,000 ரூபாய் வழங்க உத்தரவிட்டது. மாதம் 5,000 ரூபாய்க்கு டெல்லியில் எந்த உதவியாளர் கிடைப்பார் என்பது வேறு கேள்வி. ஆயினும், இழப்பீட்டு மனுவில் மருத்துவ ரசீதுகளை மட்டும் சேர்க்கும் குடும்பங்கள் இந்தத் தீர்ப்பைத் தங்கள் வழக்கறிஞரிடம் குறிப்பிடுவது நல்லது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், மிகுந்த உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை வழங்கும் திட்டங்களை மாநில அரசுகள் வகுக்க வேண்டும் என்று 24-ஆவது பிரிவில் கூறுகிறது. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கானது. தண்டுவடக் காயம் மட்டும் உடையவர் அதில் சேர இயலாது. இதை அறியாமல் அலுவலகங்களில் அலையும் குடும்பங்கள் பல. 2025 ஏப்ரலில் டெல்லியும் இணைந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் மருத்துவமனைச் செலவையும், வீடு திரும்பிய பின் 15 நாள் வரையிலான செலவையும் ஏற்கிறது. ஆனால், குழாய், மெத்தை, உதவியாளர் ஊதியம் ஆகியவை வாழ்நாள் முழுவதும் தொடரும் செலவுகள்.

வருமானம் நின்றுபோவது இதைவிடப் பெரிய அடி. காயமடைபவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் வயது ஆண்கள். குடும்பம் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவராக மட்டும் கருதத் தொடங்கினால், அவர் தம்மையும் அப்படியே கருதத் தொடங்குவார். தீபா மாலிக் குண்டு எறியும் களத்துக்கு வருவதற்கு முன் மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில் உணவகம் நடத்தினார். மகள் தேவிகா பின்னாளில் தாயுடன் சேர்ந்து மாற்றுத்திறனாளிகளுக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார். எல்லோரும் உணவகம் நடத்த வேண்டியதில்லை. வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, மளிகைப் பட்டியல் ஆகியவற்றின் பொறுப்பு பழையபடி அவரிடமே இருப்பதும் சிகிச்சைதான்.

தம்பதியர் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்றும் உண்டு. தண்டுவடக் காயத்தால் தாம்பத்திய வாழ்வு முடிந்துவிடுவதில்லை. காயமடைந்த பெண்கள் கருவுற்றுத் தாயாகலாம். ஆண்களுக்கு மருத்துவ உதவி தேவைப்படலாம், வழிகள் இருக்கின்றன. மறுவாழ்வு மருத்துவரிடம் இதைத் தனியே கேட்கலாம்.

ஊர் திரும்பும் பயணம்

டெல்லியில் சிகிச்சை முடித்துச் சென்னை திரும்பும் குடும்பத்துக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பயணமே ஏறத்தாழ 33 மணி நேரம். துணையின்றிப் பயணம் செய்ய இயலாத உடலியக்கக் குறைபாடுடையவருக்கும் உடன் வருபவருக்கும் தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏ.சி. பெட்டியிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. கீழ்ப் படுக்கை, தண்ணீர், கூடுதல் குழாய்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒலிக்கும் அலாரம் ஆகியவை இல்லாமல் புறப்படக் கூடாது. வீட்டில் மாதக்கணக்கில் காப்பாற்றிய தோல், ஒரே ரயில் பயணத்தில் புண்ணாகிப் போவதுண்டு.

ஊர் சேர்ந்தபின் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரகத்தை அல்ட்ராசவுண்ட் மூலம் பரிசோதிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும்போது வலியோ அறிகுறியோ தெரிவதில்லை. உடல் நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டிய பரிசோதனை அது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வுத் துறை, முன்னாள் நோயாளிகளைக் குடும்பத்துடன் வரவழைத்து ஆண்டுதோறும் ‘மறுவாழ்வு மேளா’ நடத்துகிறது. அங்கே மருத்துவப் பரிசோதனையும் உண்டு, சக்கர நாற்காலிப் போட்டிகளும் உண்டு. புதிதாகக் காயமடைந்தவரின் குடும்பம் அங்கே போவதால் கிடைக்கும் பயன் வேறு: பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன் இதே நிலையில் இருந்தவர்கள் இன்று எப்படி வாழ்கிறார்கள் என்பதை நேரில் பார்க்கலாம், என்ன மெத்தை வாங்கினீர்கள் என்று கேட்கலாம்.